குழந்தையின் முதற் பள்ளி

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



இத்தகைய கூட்டங்களில் நாம் வழக்கமாகச் சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஏரி, வாய்க்கால் ஆகியவற்றைப் பற்றியே பேசுவோம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, 3 வயதுக் குழந்தையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கோடை கழிந்து பள்ளிகள் திறக்கும் காலம் நெருங்குகிறது. "பிள்ளையை எங்கே சேர்ப்பது?" என்ற கேள்வி இப்போது வீடுதோறும் எழுகிறது. முன்னாட்களில் இக்கேள்வி குழந்தைக்கு 5 வயது நிறைந்த பிறகே எழும். இந்நாளில் 3 வயது நிறையுமுன்னரே எழுந்துவிடுகிறது. ஊர் முனையில் மஞ்சள் வண்டி வந்து நிற்கிறது; வீடுதோறும் துண்டுப் பிரசுரம் வருகிறது; பக்கத்து வீட்டுக் குழந்தை கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நம் வீட்டுப் பெண்மணிகளின் மனமும் அலைபாய்கிறது.

விதை நெல் வாங்கும்போது நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். சான்று அட்டை உண்டா, முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, இந்தப் பட்டத்துக்கு ஏற்ற ரகமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். போன பருவத்தில் அதை விதைத்த பக்கத்து வயல்காரரின் அனுபவத்தையும் கேட்டுக்கொள்கிறோம். மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நான்கு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறோம். பெற்ற குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது மட்டும் வாயிற்பலகையைப் படித்துப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இது முறையா?

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த பிழை

பிறருக்கு எடுத்துச் சொல்லுமுன், நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுவது நேர்மையாகும். எங்கள் மூத்த மகளுக்கு 3 வயது நிறைந்தபோது, நாங்கள் குடியிருந்த ஊரிலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்துப் பள்ளியொன்றில் அவளைச் சேர்த்தோம். பெரிய கட்டடம், சுவரெங்கும் வண்ணப் படங்கள், சேர்க்கைக்கு நீண்ட வரிசை. அந்த வரிசையின் நீளமே போதிய சான்றென்று எங்களுக்குத் தோன்றிற்று. வகுப்பு நடக்கும்போது பெற்றோரை உள்ளே விடுவதில்லை என்றார்கள். அதையும் ஒரு கட்டுப்பாடு என்று மெச்சிக்கொண்டோம்.

முதல் மாதத்திலேயே குழந்தை ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறையும் ஒப்பித்தாள். வீட்டுக்கு வந்த உறவினர்முன் அவளை நிறுத்தி, சொல்லச் சொல்லி மகிழ்ந்தோம். இரண்டாம் மாதத்தில் அவள் இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். அந்தப் பழக்கம் அவளிடம் நின்று ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. காலையில் வண்டியின் ஒலி கேட்டதும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தாள். பிடிவாதம் என்றோம்; செல்லம் கொடுத்ததன் விளைவு என்றோம்.

ஒருநாள் நகரத்தில் நடந்த ஆய்வுக் கூட்டம் விரைவில் முடிந்துவிட்டபடியால், அவளை நேரில் அழைத்துவரச் சென்றோம். ஓர் அறையில் 40க்கு மேற்பட்ட குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தனர். கழிப்பறைக்குப் போவதற்கென்று மணியடிக்கும் நேரங்கள் குறிக்கப்பட்டிருந்தன. இடையில் கேட்ட குழந்தைக்குக் கடிந்துரையே கிடைத்தது. வழியில் அவளிடம் மெல்ல விசாரித்தோம். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்பா. மிஸ் விட மாட்டாங்க" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எங்களுக்குக் கேட்கவும் இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த ஆசிரியையைக் குறை கூறி என்ன பயன்? 40 பச்சைக் குழந்தைகளை ஒருவரிடம் ஒப்படைத்தால் எவரும் மணியடித்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். உள்ளே சென்று பாராமல் சேர்த்தது எங்கள் குற்றமே.

நாற்றங்காலில் கதிரை எதிர்பார்க்கலாமா?

6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பள்ளியின் நோக்கம் யாது? ஜெர்மனியில் பிரோபெல் என்பவர் 1837ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு நிலையம் கண்டார். பின்னர் அதற்கு அவர் சூட்டிய பெயரின் பொருள் 'குழந்தைகள் தோட்டம்' என்பதாகும். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் மரியா மாண்டிசோரி அம்மையார் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததை நீங்கள் கேள்வியுற்றிருக்கலாம். நம் நாட்டிலும் தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் பம்பாய் மாகாணத்துப் போர்டி கிராமத்தில் பாலர் பள்ளி தொடங்கினார். ஏழை மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். இலை, பூ, கூழாங்கல், சிப்பி ஆகியவையே அங்கே பாடக் கருவிகள். 'அங்கன்' என்றால் முற்றம். முற்றத்தில் நடந்த பள்ளியே அங்கன்வாடி ஆயிற்று.

இவர்கள் நாட்டால் வேறுபட்டவர்கள். எனினும் ஒன்றில் உடன்பட்டார்கள். சிறு குழந்தை விளையாடியும் தொட்டுப் பார்த்தும் பேசியும் பாடியும் கற்கிறது. உட்காரவைத்து எழுதவைப்பதால் கற்பதில்லை.

உடற்கூறும் இதனையே காட்டுகிறது. மனிதரின் மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை யாவும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. 3 வயதில் அவற்றுள் இரண்டோ மூன்றோதான் எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும். எட்டும் இறுகுவதற்கு 10 வயதும் கடந்துவிடுகிறது. அத்தகைய கையில் எழுதுகோலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது, காயடிக்காத இளங்கன்றை ஏரில் பூட்டுவதை ஒக்கும். மண் பிசைதல், மணி கோத்தல், காகிதம் கிழித்து ஒட்டுதல், தரையில் சுண்ணக்கட்டியால் கிறுக்குதல் ஆகியவற்றால் விரல்களுக்கு வலு ஏற்படும். வலுவேறிய பிறகு எழுத்து தானே வரும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று சிலர் கேட்கலாம். பழமொழி மெய்யே. ஆனால் வளைப்பதற்கும் ஒடிப்பதற்கும் வேற்றுமை உண்டு. நாற்றங்காலில் நாம் கதிரை எதிர்பார்ப்பதில்லை. வேர் பிடித்திருக்கிறதா, நிறம் பசுமையாக இருக்கிறதா, பூச்சி இல்லையா என்பவற்றையே பார்க்கிறோம். குழந்தைக்கும் இந்த வயதில் பார்க்கத்தக்கவை இவையே.

ஒரு முற்பகல் உட்கார்ந்து பாருங்கள்

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள் இது. குழந்தையைச் சேர்க்குமுன், அந்த நிலையம் அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், ஒரு முற்பகல் முழுவதும் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். கூலி ஒருநாள் போனாலும் போகட்டும். உள்ளே விட மறுக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். உட்கார்ந்தபின் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, உயிருக்குப் பாதுகாப்பு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற் கூடத்தில் எழுந்த தீ, வகுப்புகளின் கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. ஆகவே கூரை எதனாலானது, அடுப்பு எங்கே உள்ளது, வெளியேற இரண்டு வழிகள் உண்டா, அவற்றில் ஒன்று பூட்டிக் கிடக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். 2025ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி, பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து மாண்டாள். ஆகவே தொட்டியின் மூடி உறுதியானதா, துருவேறியதா என்பதைக் கோலால் தட்டிப் பாருங்கள். கிணறு, குட்டை, சாலை, தாழ்ந்த மின்செருகி, பெயர்ந்து நிற்கும் காரை ஆகிய எவையும் உங்கள் கண்ணுக்குத் தப்பலாகாது. தனியார் நிலையமாயின், அரசு அனுமதி எந்த நாள்வரை செல்லும் என்று கேளுங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றையும் காட்டச் சொல்லுங்கள். இவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை.

இரண்டாவது, தொலைவு. நடந்து போகும் தூரத்தில் நல்ல இடம் இருக்கும்போது, வண்டியில் போகும் தூரத்தில் தேடாதீர்கள். காலையில் தூக்கத்திலிருந்து எழுப்பி, அரைவயிற்றோடு ஏற்றி, ஊர் ஊராகச் சுற்றும் வண்டியில் ஒரு மணி நேரம் குலுங்கிப் போகும் குழந்தை, பள்ளியை அடையுமுன்னரே களைத்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டில் தாம்பரத்தை அடுத்து ஓடிய பள்ளிப் பேருந்தொன்றின் தரையிலிருந்த ஓட்டை வழியே சிறுமி ஒருத்தி விழுந்து உயிரிழந்தாள். அதன் பின்னரே அவ்வாண்டில் பள்ளி வாகனங்களுக்கென நம் மாநிலத்தில் தனி விதிகள் செய்யப்பட்டன. வண்டிதான் வழி என்றால், அதன் தரையைக் குனிந்து பாருங்கள். ஓட்டுநரன்றிக் குழந்தைகளை ஏற்றியிறக்க உதவியாளர் ஒருவர் உண்டா, எத்தனை குழந்தைகளை ஏற்றுகிறார்கள் என்றும் பாருங்கள்.

மூன்றாவது, தண்ணீரும் கழிப்பறையும். எங்கள் மகளின் கதையைச் சொன்னோம். கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றே சொல்வார்கள். நீங்களே கதவைத் திறந்து பாருங்கள். குழந்தையின் கால் எட்டும் அளவில் பீடம் உள்ளதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு உண்டா, கேட்ட நேரத்தில் விடுகிறார்களா, நனைத்துக்கொண்ட குழந்தையை ஏசாமல் துடைத்து மாற்றி விடுவார் எவரேனும் உண்டா?

நான்காவது, ஆசிரியை. இதுவே யாவற்றினும் முக்கியமானது. எத்தனை குழந்தைகளுக்கு அவர் ஒருவர்? அவர் குழந்தைகளோடு தரையில் அமர்கிறாரா? ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறாரா? அழும் குழந்தையை என்ன செய்கிறார்? மேசைமேல் பிரம்பு இருக்கிறதா? பள்ளிகளில் குழந்தைகளை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தடுக்கப்பட்டவை. "நன்றாக அடித்துத் திருத்துங்கள்" என்று சொல்லிவிட்டு வரும் பெற்றோரையும் நாம் கண்டிருக்கிறோம். 3 வயதில் திருத்துவதற்குரிய குற்றம் ஒன்றும் குழந்தை செய்துவிடவில்லை.

ஐந்தாவது, விளையாட்டும் மொழியும். பொம்மைகள் கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டிருந்தால், அவை பார்வையிட வருவோருக்கானவை என்று அறிந்துகொள்ளுங்கள். குழந்தைகள் கையில் இருக்க வேண்டும். அங்கே பேச்சொலி கேட்க வேண்டும். சிரிப்பு கேட்க வேண்டும். முற்றிலும் அமைதியாயிருக்கும் பாலர் பள்ளியைக் கண்டு ஐயுறுங்கள். குழந்தை வீட்டில் பேசும் மொழியிலேயே அங்கும் பேச விடுகிறார்களா? கதை கேட்டு, கேள்வி கேட்டு, எண்ணியதைத் தன் மொழியில் தடையின்றிச் சொல்லப் பழகிய குழந்தை, பிறகு ஆங்கிலத்தையும் எளிதில் கற்கும். தாய்மொழியில் வாய் திறக்க அஞ்சும் குழந்தை, பொருள் தெரியாத ஆங்கிலப் பாட்டை ஒப்பிப்பதால் அறிவு வளர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

ஆறாவது, சமத்துவம். உணவு வேளையில் எல்லாத் தெருக் குழந்தைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறப்பட்டு உண்கின்றனரா? உடற்குறையுள்ள குழந்தைக்கும் அங்கே இடம் உண்டா? ஒரு குழந்தை தான் தாழ்ந்தவன் என்றோ உயர்ந்தவன் என்றோ 3 வயதில் கற்றுக்கொண்டால், பின்னால் எந்தப் பாடப் புத்தகமும் அதை எளிதில் அழிக்காது.

ஏழாவது, செலவு. சேர்க்கைக் கட்டணம் ஒன்றை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். வண்டி, சீருடை, காலணி, புத்தகம், ஆண்டு விழா எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தாலிக் கொடியை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் எல்.கே.ஜி. படிக்கவைக்கும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் குழந்தையின் பாலுக்கும் முட்டைக்கும் பழத்துக்கும் செலவிட்டால் பலன் அதிகம். தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு அளிக்க வேண்டுமென்று கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. தகுதியுள்ளோர் சேர்க்கைக்கான அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பிக்கலாம்.

சேர்த்தபின் செய்ய வேண்டியவை

சேர்த்த அன்றே விட்டுவிட்டு ஓடிவரலாகாது. முதல் சில நாட்கள் தாயோ பாட்டியோ உடன் இருக்கட்டும். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று மெல்லக் கூட்டுங்கள். "இதோ வந்துவிடுகிறேன்" என்று பொய் சொல்லி நழுவாதீர்கள். "சாப்பாட்டு வேளைக்கு வருவேன்" என்று சொல்லி, சொன்னபடி வாருங்கள். நாற்றைப் பிடுங்கி நட்டாலும் பச்சை பிடிக்கச் சில நாட்கள் ஆகின்றன அல்லவா? முதல் இரண்டு மூன்று வாரங்கள் குழந்தை அழுவது இயல்பு. அதற்கு மேலும் உறக்கம் கெட்டால், உணவு குறைந்தால், படுக்கை நனைந்தால், பேச்சு அடங்கினால், குழந்தை நமக்கு ஏதோ சொல்கிறது என்று பொருள். அதட்டாமல் விசாரியுங்கள், அறிவிக்காமல் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

நம் ஊர் முற்றத்திலுள்ள பள்ளி

இனி அங்கன்வாடியைப் பற்றிச் சில வார்த்தைகள். 1952இல் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாட்களில் கிராம சேவிகைகளும் மாதர் சங்கங்களும் பல ஊர்களில் பாலர் பள்ளிகளை நடத்தினார்கள். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நம் மாநிலத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி செல்லும் வயதை அடையாத சிறு குழந்தைகளுக்கும் சோறிட்டது. இன்று தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன.

நடந்து போகும் தூரம், கட்டணமில்லாக் கல்வி, சூடான மதிய உணவு, முட்டை, எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்தல், தடுப்பூசிக்கு வழி காட்டல், தாய்மொழியில் பாட்டும் கதையும் ஆகிய இத்தனையும் ஒரே கூரையின்கீழ் வேறு எங்கே கிடைக்கின்றன? இருந்தும், சிறிது வசதி வந்த குடும்பம் முதலில் செய்வது குழந்தையை அங்கிருந்து எடுத்துவிடுவதே. ஏழைகளின் குழந்தைகள் மட்டுமே எஞ்சுகிறார்கள். ஊரில் சொல்வாக்குள்ளவர்களின் குழந்தை அங்கே இல்லாததால், குழாய் உடைந்தாலும் கதவு பெயர்ந்தாலும் கேட்பாரில்லை. கேட்பாரில்லாததால் மேலும் சில குழந்தைகள் வெளியேறுகிறார்கள்.

இதில் அதிகாரிகளாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் இரண்டாவது குழந்தைக்கு 3 வயதானபோது, முன்பு பட்ட அனுபவத்தால் மூன்று இடங்களில் முற்பகல் உட்கார்ந்து பார்த்தோம். அவற்றுள் ஒன்று நாங்கள் குடியிருந்த ஊரின் அங்கன்வாடி. குழந்தைகளிடம் அங்கிருந்த ஊழியர் பழகிய விதம் மூன்று இடங்களிலும் சிறந்ததாயிருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாட்டுப் பெயர் வைத்து அழைத்தார். ஆனால் மையத்துக்கு மதில் இல்லை. வாயிலிலிருந்து பத்தடி தூரத்தில் லாரிகள் ஓடும் சாலை. கழிப்பறைக் கதவு சாய்ந்து கிடந்தது. ஆகவே அடுத்த தெருவிலிருந்த சிறிய தனியார் நிலையத்தில் மகனைச் சேர்த்தோம். தகப்பன் என்ற முறையில் அது சரியே.

அதற்குச் சில மாதங்களுக்குப் பின் அவ்வூரில் கிராம சபை கூடியது. நாற்று நட்டுவிட்டு நேரே வந்திருந்த ஒரு தாய் எழுந்து நின்று, "ஐயா, அந்த அங்கன்வாடிக் கட்டடத்துல உங்க பிள்ளைய விடுவீங்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்றுள்ள நிலையில் விடமாட்டோம், அம்மா, விடவில்லை" என்றோம்.

"அப்ப எங்க பிள்ளைங்க மட்டும் இருக்கலாமா?" என்றார் அவர்.

எங்களிடம் பதில் இல்லை. மதில் கட்டுவதற்கான கோரிக்கை எங்கள் அலுவலகத்திலேயே பல மாதங்களாக உறங்கிக் கிடந்தது என்பதை, அடுத்த நாள் கோப்பைத் தேடி எடுத்தபோது கண்டோம். வெட்கத்தோடு இதைச் சொல்கிறோம். அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் ஊரிலிருந்து மணலும் ஆட்களும் திரட்டினார். யூனியன் நிதி அனுமதிக்கப்பட்டது. மதிலும் வாயிற்கதவும் எழும்பின. கழிப்பறையில் குழந்தைகளுக்கேற்ற சிறு பீடம் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எங்கள் மகன் அங்கேதான் சேர்ந்தான். பாதி காலியாயிருந்த அறை நிரம்பியது. அந்தத் தாயின் பெண்ணும் எங்கள் மகனும் ஒரே பாயில் உட்கார்ந்து சோறு உண்டார்கள்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து உறுப்பினர்களே, நல்ல இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னால் போதாது. தேர்ந்தெடுக்கத் தக்க இடம் ஊரிலேயே இருக்கச் செய்வது நமது கடமை. 1992இல் செய்யப்பட்ட அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், பஞ்சாயத்துக்களிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. பெண்கள், குழந்தைகள் வளர்ச்சி அவற்றுள் ஒன்று. ஆகவே இது பிறர் வேலை என்று நாம் ஒதுங்க இடமில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை சில. மாதம் ஒருமுறை உறுப்பினர் ஒருவர் அறிவிக்காமல் மையத்துக்குச் சென்று, சற்று முன் சொன்ன ஏழு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கட்டும். மதில், கதவு, தண்ணீர், கழிப்பறை, மின்விசிறி ஆகியவற்றில் எது பழுதாயினும், தெருவிளக்குக்குக் காட்டும் அவசரத்தை அதற்கும் காட்டுங்கள். ஊர்த் தச்சரைக் கொண்டு வேம்பு மரத்துண்டுகளில் கட்டைகளும் வண்டிகளும் செய்யச் சொல்லலாம். ஒரு மூலையில் ஆற்று மணல் கொட்டி, மேலே பந்தலிட்டால் அதைவிடச் சிறந்த விளையாட்டுக் கருவி வேறில்லை. இரவில் நாய்கள் புகாமல் மூடி வைக்க வேண்டும். புளியங்கொட்டை, கழற்சிக்காய் போன்ற சிறு பொருள்களை மிகச் சிறிய குழந்தைகளின் வாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும். முற்றத்தில் முருங்கையும் பப்பாளியும் கீரைப் பாத்தியும் வையுங்கள். குழந்தைகளே தண்ணீர் ஊற்றுவார்கள்.

அங்கன்வாடி ஊழியரை மதியுங்கள். குழந்தைகளைப் பார்ப்பதோடு, கர்ப்பிணிகளைச் சந்திப்பது, சத்துமாவு வழங்குவது, கணக்கெடுப்பது, பதிவுகளை நிரப்புவது எல்லாம் அவர் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. வாரம் ஒருநாள் முறை வைத்துத் தாய்மார் இருவர் சென்று கதை சொன்னாலும், கை கழுவ உதவினாலும் அவருக்குப் பெருந்துணையாகும். பாட்டிமார்களிடம் இல்லாத கதையா?

இன்னும் ஒன்று. மையம் அமைந்துள்ள இடத்துக்கு எல்லாத் தெருக் குழந்தைகளும் தடையின்றி வரமுடிகிறதா என்று நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். ஒரு தெருக் குழந்தைகள் வர அஞ்சும் மையம், எத்தனை அழகான கட்டடத்தில் இருந்தாலும், நல்ல பள்ளி ஆகாது.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றிலேனும் சிறு குழந்தைகளின் நிலையைத் தனிப் பொருளாக வைத்துப் பேசுங்கள். அன்று எழுந்து கேள்வி கேட்கும் தாயை உட்காரச் சொல்லாதீர்கள். எங்களைக் கேட்ட கேள்வியை அவர் உங்களையும் கேட்கலாம்: "இங்கே உங்கள் பிள்ளையை விடுவீர்களா?"

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்களே உள்ளன. பெற்றோர்கள் ஒரு முற்பகலை ஒதுக்குங்கள். உறுப்பினர்கள் உங்கள் மையத்தை இந்த வாரமே ஒருமுறை பார்த்து வாருங்கள். பழுது இருந்தால் எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதம் இனி எங்கள் அலுவலகத்தில் உறங்காது என்று உறுதி கூறுகிறோம்.